கிந்தீல் முதல் கேண்டலா வரை: ஒளியை நிறுத்த வரலாறு

சிவகாசியில் செய்யப்படும் ‘மத்தாப்பு’ தமிழ்ச் சொல் அன்று. நிலவையும் நிலவொளியையும் குறிக்கும் ‘மஹ்தாப்’ என்னும் பாரசீகச் சொல்லே நாவில் உருண்டு ‘மத்தாப்பு’ ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் இம்மூலத்தையே காட்டுகிறது. கையில் பிடித்துக் கொளுத்தும் ஒரு குழல் சில நொடிகளுக்கு நிலவைப்போல் பொழிகிறது என்று கண்ட யாரோ ஒருவர் இட்ட பெயர் அது. மொகலாயர், நவாபுகள் காலத்து வாணவேடிக்கையோடு தமிழகத்துக்குள் நுழைந்து, இன்று எந்த வீட்டுக் குழந்தையும் சொல்லும் சொல்லாகிவிட்டது.

ஒளியின் வலிமையை அளக்க உலகநாடுகள் ஏற்றுக்கொண்ட அலகு கேண்டலா. மெழுகுவர்த்தியைக் குறிக்கும் இலத்தீன் சொல் இது. இதே சொல் கிரேக்கத்தின் வழியாக அரபுக்கு வந்து ‘கிந்தீல்’ ஆயிற்று. பள்ளிவாசலின் நடுவே தொங்கும் விளக்கை நம் முன்னோர் இச்சொல்லால்தான் அறிந்தனர். ஆக, அறிவியற்கூடத்து அலகும் பள்ளிவாசல் விளக்கும் ஒரே வேரின் இரு கிளைகள்.

நிலவின் பெயர் தாங்கிய ஒரு பொருளுக்கும் விளக்கின் பெயர் தாங்கிய ஓர் அளவைக்கும் இடையே விசித்திரமான ஓர் உறவின்மை உண்டு. நாட்டின் வாணவேடிக்கைப் பொருள்களில் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்தில் உருவாகிறது. விற்கப்படுவது முதன்மையாக ஒளி. ஆயினும், பெட்டிக்கு இத்தனை என்று எண்ணியே விற்கிறோம். எவ்வளவு ஒளி என்று எவரும் அளந்து விற்பதில்லை. கெடுபிடியான அளவு ஒன்று உண்டென்றால் அது ஓசைக்குரியது. ஒளிக்கு அளவை பிறந்த கதையை ஆராய்ந்தால் இதற்கான காரணம் ஓரளவு துலங்கும்.

ஒளியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைத்தமிடமிருந்துதான் (ஹி. 354-430 / கி.பி. 965-1040) தொடங்க வேண்டும். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற கிரேக்கக் கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்பதைச் சோதனைகளால் நிறுவிய ‘கிதாபுல் மனாளிர்’ அவருடைய நூல். இருட்டறையின் வாயிலுக்கு வெளியே விளக்குகளை வரிசையாக வைத்து, துளை வழியே உள்ளே விழும் ஒளிகளை அவர் நோக்கினார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளி மட்டுமே மறைந்தது. மற்றவை கலங்காமல் இருந்தன. ‘சந்திரனின் ஒளி’ பற்றிய தனிக் கட்டுரையில், சந்திரன் கண்ணாடியைப்போல் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை; அதன் ஒளிபெற்ற ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி பரவுகிறது என்று காட்டினார். சூரா யூனுஸ் சூரியனுக்கு ‘ளியா’ என்றும் சந்திரனுக்கு ‘நூர்’ என்றும் வெவ்வேறு சொற்களை ஆண்டிருப்பதை ஓதிவந்த சமூகத்தில் இக்கேள்வி எழுந்தது இயல்பே.

விளக்குகள் இருந்தன, இருட்டறை இருந்தது, தொலைவு கூடினால் ஒளி நலிகிறது என்ற தெளிவும் இருந்தது. ஆனால், “இவ்விளக்கு அவ்விளக்கைப்போல் எத்தனை மடங்கு?” என்னும் கேள்வி கேட்கப்படவில்லை. அவருக்கு ஒரு தலைமுறை முன்னர், கி.பி. 984 அளவில், எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றி நூல் செய்த இப்னு ஸஹ்லும், சூரியக் கதிர்களை ஒரு புள்ளியில் குவிப்பதற்குரிய வளைவைத் துல்லியமாக வரைந்தாரேயன்றி, குவிந்த வெப்பம் எவ்வளவு என்று கேட்டாரில்லை. தங்கத்தையும் வெள்ளியையும் நீரில் நிறுத்து அவற்றின் கலப்பைக் கண்டறியும் தராசைப் பற்றி ‘மீஸானுல் ஹிக்மா’ (ஹி. 515 / கி.பி. 1121) எழுதிய அல்காஸினீயின் உலகில் ஒளிக்குத் தராசு இல்லை.

நிழலை மட்டும் அவர்கள் மிக நுட்பமாக அளந்தார்கள். அபூ ரைஹான் அல்பீரூனீ நிழல்களைப் பற்றியே ஒரு தனிநூல் செய்துள்ளார். காரணம் வெளிப்படை. அஸர் நேரத்தை அறிய நிழல் வேண்டும். நண்பகல் நிழலைக் கழித்து, பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாகும்போது ஷாபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்குகிறது; ஹனபீ மத்ஹபின் பெயர்பெற்ற கருத்தில் இருமடங்காகும்போது. விருதுநகர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரைப் பாகை அளவில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அந்நாள்களில் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. நிழல் உயரத்துக்கு ஒத்தால் அஸர். இத்தகைய நுட்பங்களை மீகாத் கலைஞர்கள் ஊர் ஊராகக் கணக்கிட்டு வைத்தனர். சூரியன் எங்கே நிற்கிறது என்பதை நிழல் சொல்லும். எவ்வளவு பொழிகிறது என்பதை நிழலால் சொல்ல இயலாது. பொழிவின் அளவை அறியவேண்டிய தேவை வணக்கத்திலும் இல்லை, வணிகத்திலும் இல்லை.

வணிகத்தில் இல்லை என்பதே இங்கு முக்கியம் எனக் கருதுகிறேன். அளவைகள் அறிவால் மட்டும் பிறப்பதில்லை. கொடுக்கல் வாங்கலில் பிறக்கின்றன. அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் ‘முதஃப்ஃபிஃபீன்’ என்று ஒரு சூராவே உண்டு. நிறைகல்லையும் முகத்தலளவையையும் துலாக்கோலையும் முஹ்தஸிப் எவ்வாறு சோதிக்க வேண்டும் என்பதை ஹிஸ்பா நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. விளக்கெண்ணெய் விற்கப்பட்டது, ஆதலால் எண்ணெய்க்கு அளவை இருந்தது. வெளிச்சத்தை எவரும் விற்கவில்லை; ஆதலால் வெளிச்சத்துக்கு அளவை இல்லை.

வாணவேடிக்கைக் கலையிலும் இதே நிலைதான். ஹி. 694 அளவில் மறைந்த ஷாம் நாட்டு நஜ்முத்தீன் ஹஸன் அர்ரம்மாஹ், குதிரையேற்றமும் போர்க்கருவிகளும் பற்றிய தம் நூலில் வெடியுப்பைச் சாம்பல் நீரால் தூய்மை செய்யும் முறையையும், பலவகை நெருப்புகளுக்கும் பாய்ந்து செல்லும் வாணங்களுக்குமான கலவைகளையும் தந்துள்ளார். வெடியுப்பு, கந்தகம், கரி ஒவ்வொன்றின் எடையும் உண்டு. எழும் சுடரின் அளவு இல்லை. அவருக்கு முன்னரே மலகா நகரத்து மருந்தியல் அறிஞர் இப்னுல் பைத்தார் வெடியுப்பைச் ‘சீனத்துப் பனி’ என்னும் பெயரால் குறித்திருந்தார். மருந்தை நிறு, சுடரைக் கண்ணால் பார் என்பதே அன்றைய முறை. சிவகாசியில் கலவை செய்வோரும் இன்றுவரை மருந்தைத்தான் நிறுக்கிறார்கள். வாணவேடிக்கைக் கலவையை ‘மருந்து’ என்றே இங்கு வழங்குகிறோம் என்பதும் நினைக்கத்தக்கது.

இனி, அளவையின் மறுபாதிக்கு வருவோம். ‘சக்தி’ என்ற ஒரே சொல்லைக்கொண்டு மூன்று வெவ்வேறு பொருள்களைக் குழப்புவது நம் மேடைப்பேச்சின் வழக்கம். தமிழ் அறிவியல் நூல்கள் அவற்றை விசை, ஆற்றல், திறன் என்று பிரித்துள்ளன. வேலை செய்வதற்கான இருப்பு ஆற்றல். அவ்விருப்பு எவ்வளவு விரைவாகச் செலவாகிறது என்பது திறன். முதலதற்கு அலகு ஜூல்; இரண்டாவதற்கு வாட். ஒரு வினாடிக்கு ஒரு ஜூல் என்பதே ஒரு வாட்.

அரபியிலும் இதே சிக்கல் எழுந்தது. அரிஸ்டாட்டிலின் நூல்களை மொழிபெயர்த்த பழைய அறிஞர்கள், உள்ளுறை நிலையைக் ‘குவ்வத்’ என்றும் செயல்நிலையை ‘ஃபிஃல்’ என்றும் பெயர்த்தனர். ‘எனர்ஜி’ என்ற சொல் பிறந்த கிரேக்க மூலத்துக்கு அவர்கள் தந்த பெயர் ‘ஃபிஃல்’தான். இன்றைய அரபுப் பாடநூல்களில் விசை ‘குவ்வத்’, ஆற்றல் ‘தாகத்’, திறன் ‘குத்ரத்’. சிரியா நாட்டுப் பாடநூல்களிலோ திறனுக்குரிய சொல் ‘இஸ்திதாஅத்’. இச்சொல்லைக் காணும் எந்த மத்ரஸா மாணவனுக்கும் அகாயித் பாடம் நினைவுக்கு வராமல் போகாது. மனிதனின் இஸ்திதாஅத் செயலுக்கு முன்னரே அவனிடம் இருக்கிறதா, செயலோடு உடன் நிகழ்வதா என்பது முஃதஸிலாக்களுக்கும் அஷ்அரிகளுக்கும் இடையே நிகழ்ந்த நெடிய வாதம். உடன் நிகழ்வதே என்றார் இமாம் அஷ்அரீ (ரஹ்). இயற்பியலின் திறனும் அத்தகையதே. செயல் நடக்கும் கணத்தில் மட்டும் அது உண்டு. கலாம் கலையை இயற்பியலுக்குச் சான்றாக்குவது என் நோக்கம் அன்று. அப்பெரியோர்கள் பேசியது வேறு களம். சொல்லைத் தெரிந்தெடுத்தவர்கள் நன்றாகவே தெரிந்தெடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாடு விருதுநகர் மாவட்டத்தில் ஏட்டுச்சுரைக்காய் அன்று. விருதுநகர்ச் சந்தையின் பெயர்பெற்ற சரக்கு எண்ணெய். ஒரு கிலோ கடலை எண்ணெயை எரித்தால் சுமார் 37,000 கிலோஜூல் வெளிப்படும். ஒரு கிலோ கரும்பொடி, அதாவது வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த பழைய வெடிமருந்து, தருவது சுமார் 3,000 கிலோஜூல்தான். இருப்பைப் பார்த்தால் எண்ணெய் பன்னிரண்டு மடங்கு பெரியது. ஆயினும் எண்ணெய்க் கிடங்கின் அருகே அஞ்சாமல் நடக்கிறோம். விளக்கில் நூறு கிராம் எண்ணெய் பத்து மணிநேரம் எரிந்தால் அதன் திறன் ஏறக்குறைய 100 வாட். ஒரு கிராம் கரும்பொடி ஒரு வினாடியில் எரிந்தால் 3,000 வாட்; வினாடியின் நூறில் ஒரு பங்கில் எரிந்தால் 3,00,000 வாட், அதாவது ஏறத்தாழ நானூறு குதிரைத்திறன். கம்பி மத்தாப்புக்கும் வெடிக்கும் இடையே உள்ள வேறுபாடு மருந்தின் நிறையில் மட்டும் இல்லை, காலத்தில் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பதுக்கு அருகிலானோர் உயிரிழந்தனர். உதவிக்கு ஓடிவந்தோரும் அவர்களுள் அடங்குவர். சட்டம் அறைக்குள் இருக்கும் மருந்தின் கிலோவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் வரையறுக்கிறது. அவ்வரம்புகளின் உட்பொருளே இந்தக் காலக்கணக்குத்தான். ஒரே இடத்தில் சேர்ந்த மருந்து ஒரே கணத்தில் எரியும். பிரித்து வைத்த மருந்துக்கு அந்த வாய்ப்புக் குறைவு. இதை ஆய்வாளர் அறிந்திருப்பது போதாது. அறைக்குள் அமர்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு அவளுடைய மொழியில் எடுத்துச் சொல்லப்பட வேண்டும்.

குதிரைத்திறன் பிறந்ததும் வணிகத்தில்தான். 1780களில் ஜேம்ஸ் வாட், ஆலைகளில் குதிரைகள் சுற்றிய செக்குக்குப் பதிலாகத் தம் நீராவி எந்திரத்தை விற்க முற்பட்டார். எத்தனை குதிரைகளுக்கு இது ஈடு என்று வாங்குவோர் கேட்டனர். நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என ஒரு குதிரையின் உழைப்பை அவர் வரையறுத்தார். நாளெல்லாம் அவ்வாறு இழுக்கும் குதிரை அரிது. விற்பவர் தாராளமாகக் கணக்கிட்டதால் வாங்கியவர்கள் குறைகூறவில்லை. இன்றைய கணக்கில் அது 746 வாட். அவர் பெயரையே அலகுக்கு இடலாம் என்று வில்லியம் சீமென்ஸ் 1882இல் முன்மொழிந்தார்; 1889இல் பாரிசில் கூடிய மின்னியலாளர் மாநாடு அதை ஏற்றது. கமலை இறைத்த மாடுகள் போய் மோட்டார் வந்தபின் நம் கரிசல் உழவர்களும் “அஞ்சு ஹெச்.பி.” என்று அக்குதிரையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அரபியிலும் அது ‘ஹிஸான்’, குதிரையேதான்.

வெளிச்சம் விற்பனைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். இலண்டனில் குழாய்வழி எரிவாயு விளக்குகள் வந்தபோது நிறுவனங்கள் வாயுவை விற்றன. மக்கள் வாங்கியதோ வெளிச்சம். வாயு தரம் குன்றினால் விளக்கு மங்கும், கட்டணம் குறையாது. இத்தகராறு நாடாளுமன்றம்வரை போயிற்று. 1860ஆம் ஆண்டின் சட்டம் ஒரு மெழுகுவர்த்தியையே துலாக்கல்லாக்கியது. திமிங்கிலக் கொழுப்பால் ஆனது, பவுண்டுக்கு ஆறு எடையுடையது, மணிக்கு 120 கிரெய்ன் எரிவது. அதன் ஒளியே ‘ஒரு கேண்டில் பவர்’. முஹ்தஸிபின் வேலையை அங்கே எரிவாயு ஆய்வாளர் செய்தார் என்று சொன்னால் மிகையாகாது.

இரு சுடர்களை ஒப்பிடும் வழியை பிரான்சின் பியேர் பூகே முன்னரே (1729) வகுத்திருந்தார். இரண்டு ஒளிகளும் அருகருகே ஒரு தாளில் விழட்டும். ஒன்றை அப்பால் நகர்த்தி இரண்டும் சமமாகத் தோன்றும்படி செய்க. தொலைவுகளின் வர்க்கமே அவற்றின் விகிதம். தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது கெப்ளர் 1604இல் சொன்னது. பின்னர் புன்சன், தாளின் நடுவே ஓர் எண்ணெய்ப்பொட்டு வைத்து இருபக்கமும் ஒளி சமமாகும்போது பொட்டு மறைவதைக் கண்டார். வாசகர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாளும் ஒரு துளி எண்ணெயும் போதும். பூகே இம்முறையால் மெழுகுவர்த்தியை இடையில் வைத்துச் சூரியனையும் முழுநிலவையும் ஒப்பிட்டு, சூரியன் மூன்று இலட்சம் மடங்கு ஒளிமிக்கது என்றார். இன்றைய அளவு ஏறத்தாழ நான்கு இலட்சம். கண்ணை மட்டுமே கருவியாகக் கொண்டவருக்கு இது வியப்பூட்டும் நெருக்கம். முழுநிலவு நிலத்தில் பொழியும் ஒளி, இரண்டு மீட்டர் தொலைவில் வைத்த ஒரு மெழுகுவர்த்தி தரும் ஒளிக்கு ஏறக்குறைய ஈடு. மஹ்தாபும் கிந்தீலும் சந்திக்கும் இடம் இதுதான்.

மெழுகுவர்த்தி நல்ல நிறைகல் அன்று. திரியும் காற்றும் அதை மாற்றிவிடும். ஆகவே 1948இல் உறையும் பிளாட்டினத்தின் ஒளியிலிருந்து புதிய அலகு வரையறுக்கப்பட்டு, கேண்டலா என்ற பெயர் நிலைபெற்றது. 1979இல் அதுவும் கைவிடப்பட்டது. மனிதக் கண்ணுக்கு மிகத் தெளிவான பச்சையொளியில், ஒரு திண்கோண அலகுக்கு 683இல் ஒரு பங்கு வாட் என்பதே இப்போதைய கேண்டலா. இதன்மூலம் ஒளியின் அலகு திறனின் அலகோடு பிணைக்கப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தால், 80, 90 வாட் திறனில் எரியும் பழைய மெழுகுவர்த்தி, கண்ணுக்கு எட்டும் ஒளியாகத் தருவது, இப்பச்சையொளியின் கணக்கில், ஒரு வாட்டின் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சியது வெப்பம்.

மின்விளக்கு வந்தபின் மக்கள் வெளிச்சத்தையே வாட்டால் சொல்லப் பழகிவிட்டனர். ‘ஜீரோ வாட் பல்பு’ என்று நம் வீடுகளில் எரிந்த இரவு விளக்கு 12 முதல் 15 வாட்வரை இழுத்தது. பழைய மீட்டர்கள் அதைப் பதியாததால் அப்பெயர் வந்தது என்பர். இன்று 9 வாட் எல்.ஈ.டி. விளக்கு முந்தைய 60 வாட் விளக்கைவிடக் குறையாத வெளிச்சம் தருகிறது. வாட் செலவின் அளவு, லூமன் வரவின் அளவு. அட்டைப்பெட்டியில் இரண்டும் அச்சிடப்பட்டிருக்கும். வாங்குவோர் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே படிக்கின்றனர்.

இந்தியாவில் இவ்வலகுகளைக் காக்கும் பொறுப்பு புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்துடையது. அதன் முதல் இயக்குநர் இம்மாவட்டத்துக்காரர் என்பதை விருதுநகர்க்காரர்களிலேயே பலர் அறியார். திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்தான் அவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, கல்கத்தா சென்று சி.வி. ராமனோடு இணைந்தார். ஒளி நீர்மங்களில் சிதறும்போது நிறம் மாறுவதை 1928இல் கண்டறிந்த ஆய்வில் ராமனின் உடன் உழைப்பாளர். பின்னர் டாக்கா பல்கலைக்கழகத்தில் படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்தார். 1940இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஆய்வகத்துக்கு 1947 சனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1950 சனவரியில் அது திறக்கப்பட்டது. 1961இல் மறையும்வரை அவரே அதை நடத்தினார். பிற்காலத்தில் அவர் ஈடுபட்ட ஆய்வுகளுள் ஒன்று, வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய கம்பியின் நெடுகிலும் வெப்பநிலை எவ்வாறு பரவியிருக்கும் என்பது. மின்விளக்கின் இழையே அத்தகைய கம்பிதான். மீட்டரும் கிலோகிராமும் நாடெங்கும் கட்டாயமாவதற்கு வழிசெய்த 1956ஆம் ஆண்டின் நிறை அளவைச் சட்டமும் அவர் காலத்தில்தான் வந்தது. சிவகாசியின் ஒளிக்கு ஒருநாள் அளவை வந்தாலும் அது வத்திராயிருப்புக்காரர் தொடங்கிவைத்த ஆய்வகத்தின் நிறைகல்லோடுதான் ஒப்பிடப்படும்.

பூமிக்கு வரும் ஒளிகளில் தலையாயது சூரியனுடையது. அதன் பாய்வை அளக்க 1838இல் பிரெஞ்சு அறிஞர் பூயே எளியதோர் உபாயம் செய்தார். கரிபூசிய ஒரு தட்டையான பாத்திரத்தில் நீரை நிரப்பி வெயிலில் காட்டி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார். சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு 1.76 கலோரி என்பது அவருடைய விடை. இன்றைய அலகில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,230 வாட். வளிமண்டலத்துக்கு வெளியே செயற்கைக்கோள்கள் அளந்த உண்மை மதிப்பு 1,361. அமெரிக்கரான லேங்லி 1881இல் விட்னி மலையேறி, பூயேயைவிட நுட்பமான கருவிகளைக்கொண்டு அளந்து 3 கலோரிக்கு மேல் என்று முடிவு கண்டார்; அது மிகையானது. கருவி நுட்பமானது, கணக்கின் எடுகோள் தவறு. அவருக்குப்பின் வந்த ஆபட் அதை இரண்டுக்குக் கீழ் கொண்டுவந்தார். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கலோரி என்னும் அலகுக்கு ‘லேங்லி’ என்றே பெயரிட்டனர். இப்போது அது வழக்கிழந்துவருகிறது.

நம் நாட்டு வெயிலை முறையாக அளந்தவர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் ராமனிடம் வைரங்களின் ஒளியை ஆராய்ந்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டார். 1948இல் பூனாவில் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகளை உள்நாட்டிலேயே செய்வித்தார். 1957-58ஆம் ஆண்டின் அனைத்துலகப் புவியியற்பியல் ஆண்டையொட்டிச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் கதிர்வீச்சு நிலையங்களை அமைத்தார். 1980இல் தொடங்கி அவர் வெளியிட்ட சூரியக் கதிர்வீச்சுக் கையேடுகள் சூரிய மின்சாரத் துறைக்கு அடிப்படையாயின. 2001இல் மறைந்தார். பட்டம் தர மறுத்த காரணம் என்னவாயினும், நாடு அவருடைய எண்களைத்தான் இன்றும் புரட்டுகிறது.

தென்தமிழகத்தில் தெளிந்த நண்பகலில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் பொழிகிறது. நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் ஒரு மணிநேரம் ஓடுவது. சிவகாசியின் தொழிலே இப்பொழிவின் பிள்ளை எனலாம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி இங்கே தொடங்கியபோது, மழை குறைந்த இவ்வறட்சியே முதலாயிற்று. தீக்குச்சியும் மத்தாப்பும் வாணத்து மணிகளும் வெயிலில் காயவேண்டும். உழவனுக்குச் சாபமான வெயில் உலர்த்துமேடைக்கு வரமாயிற்று. அதே வெயில் காயும் மருந்தின் மீதும் விழுகிறது என்பது அவ்வரத்தின் மறுபக்கம்.

பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே பெரியது என்று அப்போது பேசப்பட்டது. இந்த மெகாவாட் கணக்கு, சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயிலும் தகட்டில் 25 பாகை வெப்பமும் உள்ளபோது கிடைப்பது. நம் சித்திரை வெயிலில் தகடு 25 பாகையில் இருக்குமா? அண்மையில் ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்தார் கூரைமேல் தகடு பதிக்க விலைப்புள்ளி கேட்டிருந்தனர். ஐந்து கிலோவாட் என்றால் பகல் முழுதும் மணிக்கு ஐந்து யூனிட் வரும் என்று விற்பனையாளர் அடித்துச் சொன்னார். நானும் அவ்வமர்வில் இருந்தேன். நாளுக்கு இருபது யூனிட் அளவில்தான் எதிர்பார்க்கலாம் என்பதை நிழலைக் கொண்டே விளக்கினேன். காலையும் மாலையும் நிழல் நீளும். அந்த அளவுக்குப் பொழிவு சாயும். அஸர் நேரம் கணிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு உடனே விளங்கிவிட்டது. விற்பனையாளர் மறுநாள் வேறு விலைப்புள்ளி கொண்டுவந்தார்.

கடைசியாக, சிவகாசியைக் கட்டுப்படுத்தும் அளவை. 1999 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட விதியின்படி, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஓசை எழும் வெடிகளைச் செய்யவோ விற்கவோ கூடாது. டெசிபல் என்பதும் திறனின் அளவையே. தொலைபேசிக் கம்பிகளில் குரல் நலிவதை அளக்க அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் 1920களில் வகுத்தது. பத்து டெசிபல் கூடினால் திறன் பத்து மடங்கு. 125 டெசிபல் என்பது சதுர மீட்டருக்கு மூன்று வாட்டுக்குச் சற்று மேற்பட்ட பாய்வு. ஆயிரம் வாட் வெயிலைத் தாங்கும் உடம்பில், மூன்று வாட் ஓசையைத் தாங்காத செவி இருக்கிறது. எந்தப் பாய்வு எந்தப் புலனைத் தொடுகிறது என்று பாராமல் வாட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூற இயலாது.

2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடைவிதித்தது. 2023 செப்டம்பரில் தடையைத் தளர்த்தக் கோரிய மனுவையும் அது ஏற்கவில்லை. பேரியம் தருவது பச்சைச் சுடர். பேரியம் நைட்ரேட் மத்தாப்பின் வெண்ணொளிக்கும் உதவிவந்தது. ஆக, ஓசைக்கு எண்ணும் புகைக்கு வேதிப்பட்டியலும் வந்துவிட்டன. மாற்றுக் கலவைகளை அரசின் நாகபுரி சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகம் வகுத்து, ‘பசுமைப் பட்டாசு’ என உரிமம் தருகிறது. அவற்றின் புகையையும் ஓசையையும் ஒப்பிட்டுச் சான்று தருவதற்கு ஏற்பாடு உண்டு. ஒளி முன்பைவிடக் குறைந்ததா, நிறம் வெளுத்ததா என்று கேட்டால், பழைய கைகள் மத்தாப்பைக் கொளுத்தி, சற்றே விலகி நின்று, பூகே பார்த்ததைப்போல் கண்ணால்தான் பார்க்கிறார்கள்.